படத்தில் அண்ணைக்குப் பக்கத்தில்

திருகோணமலை
17.1.1958

அன்புத் தங்கச்சி இராசமலருக்கு,

முருகன் அருளால் எனக்குக் குறையொன்றும் இல்லை. பொங்கலுக்கு வரமுடியாமற் போனதற்கு அம்மா கோபிக்க வேண்டாம். அவவின் முழங்கால் வலிக்கு நல்ல எண்ணெய் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும் ஆளிடம் கொடுத்துவிடுவேன். வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போய் மூன்று மாதமாகிறது. நான் கணக்கு எழுதும் களஞ்சியத்தில் என் மேசை கதிரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. துரைதான் மாறிவிட்டார்.

மயிலிட்டிப் பொன்னம்பலத்தாரிடமிருந்து பதில் வந்தது. மகன் பஞ்சலிங்கத்துக்கு உன்னைக் கலியாணம் செய்துவைக்க அவர்களுக்கு முழு விருப்பம். பொடியன் குடிவெறி இல்லாதவன், சொந்தத்தில் வள்ளம் உள்ளவன். ஒரே ஒரு முடிச்சு உன் அக்கா மீனாம்பிகையின் கதை. அவள் புருஷன் முத்துக்குமாரு போன தோணி உடைந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. கூடப் போனவர்களின் உடல் கரைக்கு வந்தது, அவனுடையது வரவில்லை. அதற்காக அவள் எத்தனை காலம் தாலியோடும் பொட்டோடும் பார்த்துக்கொண்டிருப்பாள்? "செத்த வீடெண்டால் செத்த வீடு, கலியாண வீடெண்டால் கலியாண வீடு. ரெண்டுங்கெட்டான் வீட்டிலை நாங்கள் எப்பிடிக் கை நனைக்கிறது?" என்று பொன்னம்பலத்தார் கேட்டாராம். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரிப்பது எங்களுக்குள் புதிதில்லை. ஐயரைக் கேட்டுப் பங்குனி அமாவாசைக்கு நாள் வைக்கச் சொல். கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லை. முத்துக்குமாருவின் தகப்பன் கந்தப்பு மாமாதான் வைக்க வேண்டும். அக்காவோடு நீ பதமாகக் கதை. காத்திருந்தால் பதில் வருவதற்குக் கடல் என்ன அரசாங்கக் கச்சேரியா?

எனக்கும் முப்பத்துநாலு நடக்கிறது. உங்கள் இருவரையும் கரையேற்றிவிட்டுத்தான் நான் என்னைப் பார்க்க வேண்டும்.

அன்பு அண்ணை,
கனகரத்தினம்


கொழும்புத்துறை
25.1.1958

மதிப்புக்குரிய அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எண்ணெய் கிடைக்கவில்லை. அம்மா எண்ணெயைவிட உங்களைத்தான் எதிர்பார்த்திருந்தா. மற்றபடி எல்லோரும் நடமாடுகிறோம்.

அக்காவோடு பதமாகக் கதைக்கச் சொன்னீர்கள். இந்த விஷயத்தில் பதம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை. பிறகு கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, "மலருக்கெண்டால் செய்யுங்கோ" என்றா. அவ்வளவுதான். அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் கையில் வளையல் ஏறுவதற்கு அவவின் கையிலிருந்து இறங்க வேண்டியிருக்கிறது. இதை நினைத்தால் சோறு இறங்குதில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை அண்ணை. அதுதான் வெட்கம்.

கொள்ளி வைக்கக் கேட்டதும் கந்தப்பு மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். "கடல் எடுத்தால் மூண்டாம் நாள் திருப்பிக் குடுக்கும். குடுக்கேல்லையெண்டால் எடுக்கேல்லை. என்ரை பிள்ளைக்கு நான் புல்லிலை கொள்ளி வைக்கமாட்டன்." நீங்கள்தான் அவருக்கு ஒரு கடிதம் போட வேண்டும். அத்தானை இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகக் கூட்டிவந்தவர் நீங்கள். உங்கள் சிநேகிதர் என்றுதானே அப்பாவும் மறுபேச்சில்லாமல் செய்துவைத்தார்.

அடுத்த ஞாயிறு பள்ளிக்கூட வளவில் அரசாங்கப் படவண்டி வருகிறதாம். திருகோணமலையை வெள்ளைக்காரன் கையளித்த படம் காட்டப் போகிறார்கள். உங்கள் ஊரைக் காசில்லாமல் பார்க்கப் போகிறேன்.

உடம்பைப் பாருங்கள்.
இராசமலர்


கொழும்புத்துறை
3.2.1958

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கத் தேவையில்லை. நீங்கள் நல்ல சுகமாக இருப்பதை நேற்றுக் கொழும்புத்துறை முழுவதும் கண்ணால் கண்டது.

பொழுது பட்டதும் வெள்ளைத் துணி கட்டினார்கள். அக்கா வரவில்லை, அம்மாவோடு வீட்டில் நின்றுவிட்டா. படத்தில் கதைத்தவர் சிங்களத்தில் கதைத்தார். அருளம்பலம் வாத்தியார் எழும்பி நின்று தமிழில் சொன்னார், பாதி அவருடைய சொந்தச் சரக்கு. பாண்டு வாத்தியம், பீரங்கி வெடி, வெள்ளைத் தொப்பிகள். வெள்ளைக்காரன் கொடி இறங்கியபோது பொடியங்கள் விசிலடித்தார்கள். சிங்கக் கொடி ஏறியபோது சிலர் கைதட்டினார்கள், சிலர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். "எங்கடை கொடி எப்ப வரும், அடுத்த படத்திலையோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, வண்டியோடு வந்த உத்தியோகத்தர் திரும்பிப் பார்த்தார். மீன் விற்கும் சின்னாச்சி அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தா. "குடுக்கிறவனும் சிரிக்கிறான், வாங்கிறவனும் சிரிக்கிறான். ஆற்றை காணி பிள்ளை உது?" என்று கேட்டா. துறைமுகம் யாருடைய காணி என்று எனக்கும் தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது.

அப்போதுதான் வேலியோரம் நின்ற சனத்தைக் காட்டினார்கள். "அண்ணை" என்று கத்திவிட்டேன். நீங்கள்தான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை. ஊரே எழும்பி "இன்னொருக்காப் போடு" என்று சத்தம் போட, அந்த மனுசன் சலித்துக்கொண்டு சுருளைத் திருப்பி ஓட்டினார்.

இரண்டாவது தரம் உங்களுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தேன். தோளில் ஒரு சின்னப் பிள்ளை. தலைத்துண்டை இடது காதுக்கு மேலே முடிந்திருந்தார். நீங்கள் சிரித்துக்கொண்டு குனிந்து எதையோ எடுத்தீர்கள். அதற்குமேல் நான் அவர் முகத்தை மட்டும்தான் பார்த்தேன், படம் கொடிக்கம்பத்துக்குப் போய்விட்டது.

அண்ணை, இடது காதுக்கு மேலே முடியிறவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அது முத்துக்குமாரு அத்தான் என்று எனக்குப் பட்டது. மற்றவர்கள் உங்களைத்தான் பார்த்தார்கள். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் வெடியையும் வாத்தியத்தையும் உங்கள் சட்டையையும் பற்றிச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. நீங்கள் பதில் எழுதும்வரை சொல்லமாட்டேன்.

அவர் யார் அண்ணை?

இராசமலர்


கொழும்புத்துறை
18.2.1958

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு கிழமையாகத் தபால்காரரின் மணிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் வேலிப் படலைக்கு ஓடுகிறேன். "என்ன பிள்ளை, மாப்பிள்ளையோ?" என்று அவர் பகிடி பண்ணுகிறார். உங்களுக்குக் காய்ச்சல் ஏதும் இல்லையே? அம்மா கவலைப்படுகிறா. வழக்கமாகக் கிழமைக்கு ஒரு கடிதம் போடுகிற ஆள் நீங்கள்.

மயிலிட்டியிலிருந்து பெண் பார்க்க வந்து போனார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தார். போகும்போது கிணற்றடியில் நின்ற அம்மாவுக்கு வாளியைத் தூக்கிக் கொடுத்தார். எனக்குப் பிடித்துக்கொண்டது. இதை உங்களிடம் எழுதாமல் வேறு யாரிடம் எழுதுவது. பலகாரம் முழுவதும் சுட்டது அக்கா. ஆனால் அவ முன்னுக்கு வரவில்லை, பொன்னம்பலத்தாரின் பெண்சாதியும் கேட்கவில்லை.

கந்தப்பு மாமா இன்னும் இறங்கி வரவில்லை. படவண்டி நல்லூர்ப் பக்கம் போயிருக்கிறதாம்.

நான் கேட்ட கேள்விக்கு ஒரு வரி எழுதுங்கள். சொல்லாமல் விட்டது தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

இராசமலர்


திருகோணமலை
26.2.1958

அன்புத் தங்கச்சிக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை, வேலைதான். வெள்ளைக்காரர் விட்டுப்போன சாமானெல்லாம் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியிருக்கிறது. ஆணிக்கும் கணக்கு, கயிற்றுக்கும் கணக்கு. இங்கே வெயில் கொளுத்துகிறது. தங்கியிருக்கும் போடிங்கில் சாப்பாடும் சரியில்லை. அம்மா கவலைப்படாமல் எண்ணெயைப் பூசட்டும். இந்தக் கிழமை கட்டாயம் வந்து சேரும்.

பஞ்சலிங்கத்தை உனக்குப் பிடித்ததில் எனக்கு மெத்தச் சந்தோஷம். பொன்னம்பலத்தார் மரியாதையான மனுசர், நாளைக் கடத்தக் கூடாது. கந்தப்பு மாமாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

படத்தில் நின்றவர் அடைக்கலநாதன் என்று மட்டக்களப்புப் பக்கத்து ஆள். எனக்கும் பெரிய பழக்கம் இல்லை, சன நெரிசலில் பக்கத்தில் நின்றார். மங்கல் படத்தில் எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். நீ வீணாகக் குழம்பி அக்காவையும் குழப்பாதே. நல்ல இடத்துச் சம்பந்தம் இன்னொருமுறை வராது. விதவை இருக்கிற வீட்டில் பெண் எடுப்பார்கள், அது விதி. வாழாவெட்டி இருக்கிற வீட்டில் எடுக்கமாட்டார்கள். அக்காவுக்கும் அதுதான் மரியாதை. பெரியவன் நான் யோசித்துத்தான் சொல்கிறேன்.

அன்பு அண்ணை,
கனகரத்தினம்


கொழும்புத்துறை
7.3.1958

அண்ணைக்கு,

எண்ணெய் வந்தது. அம்மாவுக்குச் சுகம். எனக்குத்தான் உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து நித்திரை இல்லை.

கடலில் போனவருடைய பெண்சாதியை ஊரில் யாரும் வாழாவெட்டி என்று சொல்வதில்லை. புருஷன் உயிரோடு இருந்து கைவிட்டால்தான் அந்தப் பெயர். அந்தச் சொல்லை நான் எழுதவில்லை. அக்காவைப் பற்றி எழுதும்போது அது எப்படி உங்கள் பேனாவில் வந்தது?

கந்தப்பு மாமா ஓமென்றுவிட்டார். உங்கள் கடிதத்தால் இல்லை. அதை அவர் உடைக்காமலே ஓலைச் செத்தையில் செருகி வைத்திருந்தார். மாசி மகத்துக்கு அக்கா அயல் வீட்டுக் குணலட்சுமியோடு நல்லூருக்குப் போய் வந்தா. அடுத்த நாள் விடிய மாமா தானாக வந்து முற்றத்தில் நின்று, "நாளை வையுங்கோ. கொள்ளியை நான் வைக்கிறன்" என்றார். அம்மா அழுதா. அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. நான் உள்ளே போய்விட்டேன். உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத் தகப்பன் கொள்ளி வைத்தால் அந்தப் பாவம் யார் தலையில் விழும் அண்ணை? அந்த மனுசனின் தலையில் இல்லை. தெரிந்துகொண்டு வாயைப் பொத்தியவர்கள் தலையில்.

ஒன்று கேட்கிறேன். நல்லூரானில் சத்தியமாக அது அத்தான் இல்லை என்று எழுதுங்கள். நான் நம்புவேன். நம்ப ஆசைப்படுகிறேன். கூறைச் சேலைக்கு நிறம்கூட நினைத்து வைத்துவிட்டேன். இப்படிப்பட்ட தங்கச்சிக்குப் பொய்ச் சத்தியமே போதும் என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை. எழுதுங்கள்.

இராசமலர்


திருகோணமலை
14.3.1958

தங்கச்சிக்கு,

நான் சுகம். எடுத்ததற்கெல்லாம் சத்தியம் பண்ணுவது நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அழகில்லை. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. என்னைப் பார்க்காமல் குறித்த நாளில் காரியத்தை நடத்துங்கள். ஐயருக்குக் கொடுக்க வேண்டியதை மணியோடரில் அனுப்பியிருக்கிறேன்.

கனகரத்தினம்


கொழும்புத்துறை
22.3.1958

அண்ணைக்கு,

நீங்கள் சொன்னபடி குறித்த நாளில் நடந்தது. அம்மா படுத்த படுக்கை, பயப்பட ஒன்றுமில்லை.

ஐயர் தர்ப்பையில் உருவம் கட்டினார். ஆளளவு இல்லை, ஒரு பிள்ளையளவுதான் இருந்தது. அதற்கு வேட்டி சுற்றினார்கள். கந்தப்பு மாமா தன்னுடைய தலைத்துண்டைக் கழற்றி அதன் தலையில் கட்டி, இடது பக்கத்தில் முடிந்தார். பெண்கள் குழறி அழுதார்கள். அவர் கண்ணில் ஒரு துளி இல்லை. இறுக்கி முடிந்துவிட்டு எழும்பினார்.

மற்றப் பெண்கள் வந்து தாலியைக் கழற்றும்வரை அக்கா பொறுக்கவில்லை. தானே கழற்றிப் புல்லின்மேல் வைத்தா. வாய்க்கரிசி போடும்போது என்னை நிமிர்ந்து பார்த்தா. கனநேரம் பார்த்தா. அப்போது சொல்லியிருக்கலாம். "அக்கா, போடாதை" என்ற சொல் என் நாக்கின் நுனியில் நின்றது. வேலிக்கு அப்பால் மயிலிட்டிக்காரர் வந்து நின்றதைக் கண்டேன். விழுங்கிவிட்டேன். பிறகு ஆண்கள் சுடலைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். புல் தானே, ஒருவரே தூக்கியிருக்கலாம். முறைக்கு நாலு பேர் தூக்கினார்கள்.

பின்னேரம் அக்கா கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு வந்து கேட்டா: "அண்ணைக்கு எழுதினியோ?" ஓம் என்றேன். "என்ன எழுதினவர்?" என்றா. லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். "லீவோ" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

நீங்கள் தூர நின்று பொய் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்று சொன்னேன். யாருடையது பெரிது என்று உங்கள் களஞ்சியத்தில் கணக்கெடுத்துப் பாருங்கள்.

வெள்ளைச் சேலையில் அக்காவைப் பார்த்துக்கொண்டு நான் கலியாணம் முடிக்கப் போகிறேன். முடிக்காமலும் விடமாட்டேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை அண்ணை.

இராசமலர்


திருகோணமலை
2.4.1958

அன்புத் தங்கச்சிக்கு,

இறைவன் துணை. நடந்ததெல்லாம் நல்லபடி நடந்ததை அறிந்து மனம் ஆறியது. அம்மாவுக்குச் சத்துமா அனுப்பியிருக்கிறேன். நீ சின்னப் பிள்ளை, எதையாவது நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆறினால் எல்லாம் ஆறும்.

ஆனியில் முகூர்த்தம் வைத்திருப்பதாகப் பொன்னம்பலத்தார் எழுதியிருக்கிறார். அப்பாவின் இடத்தில் நின்று தாரை வார்க்க நான் முன்கூட்டியே வந்துவிடுவேன். இந்தமுறை லீவுக்குக் குறைவில்லை. கூறைக்கு என்ன நிறம் என்று எழுது. அக்காவைத் தைரியமாக இருக்கச் சொல். நான் இருக்கும்வரை அவளுக்கு ஒரு குறையும் வராது. அவள் கையால் எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

அன்பு அண்ணை,
கனகரத்தினம்


கொழும்புத்துறை
21.4.1958

அண்ணைக்கு மீனாம்பிகை எழுதுவது.

இரண்டு வரி கேட்டீர்களாம். கொஞ்சம் கூடப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மா எழும்பி நடக்கிறா. கீரிமலையில் அந்தியேட்டி முடித்துவிட்டு நேற்றுத்தான் வந்தோம். உங்கள் சிநேகிதருக்குச் செய்ய வேண்டிய கிரியை ஒன்றும் இனிப் பாக்கி இல்லை.

படம் பார்த்த அன்று மலர் வீட்டுக்கு வந்து ஓயாமல் கதைத்தாள். வெடி, வாத்தியம், உங்கள் சட்டை. ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. இவளைப் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். நல்லூரில் அந்தப் படம் காட்டுகிறார்கள் என்று குணலட்சுமி சொன்னா. மாசி மகத்தன்று கும்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். சனம் கைதட்டியது. நான் சத்தம் போடவில்லை. எனக்கு இன்னொருமுறை ஓட்டிக் காட்டத் தேவையும் இருக்கவில்லை.

அவரைக் கண்டதும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறாரே என்று. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகுதான் தோளில் பிள்ளையைக் கண்டேன். அதன் காலிலிருந்து ஒரு செருப்புக் கழன்று விழுந்தது. நீங்கள் குனிந்து எடுத்து, தூசியைத் தட்டி, அந்தக் காலைப் பிடித்துப் போட்டுவிட்டீர்கள். பிள்ளை உங்கள் தலைமயிரைப் பிடித்து இழுத்தது. நீங்கள் சிரித்தீர்கள். முன்பின் தெரியாதவர் தலையை எந்தப் பிள்ளையும் அப்படிப் பிடிக்காது.

அவர் போனது எனக்கு விளங்கும். கடலுக்குப் போகிற ஆம்பிளையள் கரைக்குக் கரை மாறலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்பதும் விளங்கும். நீங்கள் கொண்டுவந்த மாப்பிள்ளை. கைவிடப்பட்டவள் என்ற பெயரைவிடக் கடல் கொண்டுபோனவன் பெண்சாதி என்ற பெயர் நல்லது என்று நினைத்தீர்கள். சின்னாச்சி அக்கா படத்தைப் பார்த்து, குடுக்கிறவனும் சிரிக்கிறான் வாங்கிறவனும் சிரிக்கிறான், காணி ஆற்றை என்று கேட்டாவாம். மலர் சொல்லிச் சிரித்தாள். அன்று நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் சொன்னேன். அவர் மகன் அல்லவா, தெரியாமல் கொள்ளி வைக்க நான் விடுவேனா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். "அப்பிடியெண்டால் கொள்ளியை நான் வைக்கிறன் பிள்ளை" என்றார். ஆகையால் அந்தப் புல் யாரையும் ஏமாற்றி எரிக்கப்படவில்லை. எரித்தவருக்கும் தெரியும், தாலியை வைத்தவளுக்கும் தெரியும். ஏமாற்றுகிறோம் என்று நினைத்தது நீங்களும் மலரும்தான்.

மலரிடம் இதை இன்னும் சொல்லவில்லை. வாய்க்கரிசி போடும்வரை அவள் சொல்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. ஆனால் அவள் அன்றிலிருந்து சாப்பிடுவதில்லை, என் சேலையைத் தோய்த்துத் தோய்த்துக் காயப்போடுகிறாள். கலியாணம் முடிந்து மறுவீடு வரும்போது சொல்வேன். அவளை மன்னிக்க எனக்கு அதிக காலம் எடுக்காது.

நீங்கள் வந்து தாரை வார்த்துக் கொடுங்கள். அப்பா இல்லாத பிள்ளை. அவளுக்கு அண்ணை வேண்டும். நான் அறைக்குள் இருப்பேன். விதவை முன்னுக்கு வரக்கூடாது என்பதால், நீங்கள் என் முகத்தைப் பார்க்க வேண்டியிராது. அவருக்குப் புல்லில் உடல் செய்து எரித்து முடித்துவிட்டேன். உங்களுக்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு ஐயரிடமும் ஒரு கிரியை இல்லை.

அங்கே எல்லோரையும் சுகம் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளைக்குச் செருப்புப் பெரிது, அதுதான் கழன்று விழுகிறது. காலுக்கு அளவாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

மீனாம்பிகை